பழைய மேக்கின்டாஷ் எஸ்இ/30: கெப்பாசிட்டர்களை நானே மாற்றலாமா?

பல வருடம் சும்மா கிடந்த எஸ்இ/30-ஐ ஆன் செய்தால் திரை முழுக்கப் படுக்கைக் கோடுகள், சத்தமும் இல்லை. ஓரளவு சால்டரிங் தெரியும், நானே கெப்பாசிட்டர்களை (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உறுப்புகள்) மாற்றலாமா, மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றலாம். நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதே ஒரு எஸ்இ/30 போர்டில்தான். அதில் ஒரு பேடை (உறுப்பின் காலைப் பற்றவைக்க போர்டில் இருக்கும் செப்புத் திட்டு) பிய்த்தும் விட்டேன். அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில், எதையும் சூடாக்குவதற்கு முன், மெமரி (ஆர்ஏஎம்) பலகைகளையும் ஆர்ஓஎம் (மெஷினைத் தொடங்கவைக்கும் நிலையான நிரல் இருக்கும் சிப்) பலகையையும் கழற்றி, தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். இந்த மாடலில் ஆர்ஓஎம்கூட செருகிக் கழற்றும் தனிப் பலகைதான். அது சரியாக உட்காராவிட்டாலும் இதே கோடுகள் வரும். ஆனால் கோடுகளோடு சத்தமும் போயிருக்கிறது என்றால், கெப்பாசிட்டர் கசிந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இது 1989-இல் வந்த மெஷின். அந்தக் காலகட்டத்தில் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சின்ன அலுமினிய டப்பா கெப்பாசிட்டர்கள் பரவலாயின. பலவற்றில் உள்ளே இருந்த திரவம் அடியிலுள்ள ரப்பர் அடைப்பை மெல்ல அரித்து வெளியே வந்துவிட்டது. மெஷினை ஓட்டாமல் வைத்திருந்தாலும் கசிவு நிற்பதில்லை. அதனால் இந்த வகையில் ஒன்று கசிந்திருந்தால் மற்றவற்றைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். சின்ன செராமிக் கெப்பாசிட்டர்களைத் தொட வேண்டாம். துளை வழியே கால் இறக்கிய வகை கெப்பாசிட்டர்கள் மட்டுமே உள்ள இன்னும் பழைய கணினிகளில், கெட்டதற்கான அடையாளம் இல்லாமல் மொத்தமாக மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. நன்றாக இருக்கும் போர்டுக்கு நாமே காயம் உண்டாக்குகிறோம்.

போர்டை வெளியே எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. இது படக்குழாய் உள்ள பெட்டி. குழாயின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பிக்குள் இருக்கும் முனையில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம். அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. குழாயின் பின்கழுத்து மெல்லிய கண்ணாடி. அவசரமாக முழங்கை பட்டாலே உடைந்துவிடும். போர்டில் இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது வெடித்துக் கசிந்தால் கெப்பாசிட்டர் செய்யும் நாசம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

இனி என் கதை. முதல் போர்டில் நான் கழுவாமல் நேரே சூடு வைத்தேன். கசிந்த திரவம் ஈயத்தின் மேல் படிந்து அதைச் சாம்பல் நிறமாக மங்கவைத்திருந்தது. அப்படிப்பட்ட ஈயம் எளிதில் உருகாது. மீன் நாற்றம் வேறு. முதல் தடவை முகர்ந்தால் சமையலறையில்தான் ஏதோ கெட்டுப்போயிற்று என்று நினைப்பீர்கள். உருகவில்லையே என்று, குறடால் டப்பாவைப் பிடித்து மெதுவாக அழுத்தித் திருகி எடுக்கும் வழிக்கு மாறினேன். பலர் பரிந்துரைக்கும் வழிதான். ஆறு கெப்பாசிட்டர்கள் அழகாக வந்தன. ஏழாவதில் பேடும் சேர்ந்து வந்தது. பேடுக்கு அடியிலிருந்த பசையைத் திரவம் ஏற்கெனவே தின்றிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அதனால் இப்போது முதல் வேலை குளியல்தான். போர்டைத் தண்ணீரில் போடுவதா என்று பதற வேண்டாம். பேட்டரி, மெமரி, ஆர்ஓஎம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான பல் தேய்க்கும் பிரஷால் கெப்பாசிட்டர்களைச் சுற்றியும் ஐசி (சிப்) கால்களுக்கு இடையிலும் தேயுங்கள். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஆல்கஹால் ஊற்றி நீரை விரட்டி, இரண்டு நாள் காயவிடுங்கள். கெப்பாசிட்டர்களை எடுத்த பிறகு இன்னொரு தடவை கழுவ வேண்டும், டப்பாவுக்கு அடியில்தான் அழுக்கு அதிகம்.

எடுப்பதற்கு நான் இப்போது இரண்டு சால்டரிங் அயன்கள் வைத்திருக்கிறேன். இரண்டு கால்களிலும் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, புது ஈயம் தாராளமாகச் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சூடாக்கினால் கெப்பாசிட்டர் தானாக மிதக்கும். தூக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும். கிரவுண்டோடு (போர்டின் பொது மைனஸ் இணைப்பு) சேர்ந்த பேட் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே அகலமான முனை தேவை, பலம் அல்ல. எடுத்ததும் செப்புப் பின்னல் நாடாவால் பழைய ஈயத்தை உறிஞ்சி, பேட் பளிச்சென்று ஆகும்வரை சுத்தம் செய்யுங்கள்.

புதிதாக எதைப் போடுவது? கொள்ளளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். டான்டலம் கசியாது என்பதால் பலர் அதைப் போடுகிறார்கள், நானும் போடுகிறேன். ஆனால் டான்டலத்துக்குக் கூடுதல் வோல்ட் தாங்காது. கெட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் செய்யும். 12 வோல்ட் ஓடும் இடத்தில் 16 வோல்ட் டான்டலத்தை நான் போட மாட்டேன், 25 அல்லது 35 போடுவேன். மறுபடி அலுமினிய வகையையே போட்டாலும் தவறில்லை. இன்னும் முப்பது வருடம் கழித்து வேறு யாராவது மாற்றிக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். அலுமினிய டப்பாவின் மேல் இருக்கும் கருப்புப் பட்டை மைனஸ் பக்கம். டான்டலத்தின் மேல் இருக்கும் கோடு பிளஸ் பக்கம். பழையதில் பட்டை இருந்த பக்கமே புதியதின் கோட்டை வைத்தால் எல்லாம் தலைகீழ். எடுக்கும் முன் போர்டைத் தெளிவாகப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் 5 வோல்ட், 12 வோல்ட் தடங்களுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள்.

பேட் பிய்ந்தாலும் போர்டு செத்துவிடவில்லை. மைனஸ் பக்கம் பெரும்பாலும் கிரவுண்டுக்குத்தான் போகும். பக்கத்தில் வேறு கிரவுண்ட் புள்ளி எங்கே என்று இணைப்பு இருந்தால் எழும் மல்டிமீட்டரின் பீப் ஒலியை வைத்துத் தேடி இணைத்துவிடலாம். பிளஸ் பக்கம் என்றால், அந்தத் தடம் எங்கே போகிறது என்று பார்த்து, பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியால் பற்றவைக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். கோடுகள் போய்விட்டன, படம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

அதற்கு இரண்டு வார இறுதிகள் போயின. கெப்பாசிட்டர்களில் குற்றமில்லை. கசிந்த திரவம் பக்கத்திலிருந்த ஒலி ஐசியின் அடியில் ஓடி, முடி போன்ற ஒரு தடத்தை அறுத்திருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. சர்க்யூட் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஐசியின் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்ததில் ஒரு இடத்தில் பீப் வரவில்லை. இன்னொரு துண்டுக் கம்பி போட்டேன். அடுத்த தடவை சுவிட்சைத் தட்டியதும் மெஷின் பாடியது. உங்களுக்கும் சத்தம் வராவிட்டால் புது கெப்பாசிட்டர்களை மறுபடி பிடுங்காதீர்கள், ஐசி கால்களிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

கழுவிக் காய்ந்த பிறகு போர்டின் படத்தைக் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். எந்தப் பேட் பலவீனமாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.