மிக நீண்ட இரவுக்கு என்ன பலகாரம்?

இந்த வாரக் கடிதக்கட்டில் நான்கு பேர், நம் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவு வருகிற டிசம்பர் 21-ஐப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவளிடம் இதைக் கேட்டால் பதில் நீளத்தான் செய்யும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். என் மகளும் அவளுடன் வேலை செய்பவர்களும் டிசம்பர் 21 இரவு ஒரு வீட்டில் கூடி, மெழுகுவர்த்தி ஏற்றி, விட்டொழிக்க விரும்புவதைத் தாளில் எழுதி எரிக்கப் போகிறார்களாம். என்னையும் மாமியையும் அழைக்கிறாள். "எங்களுக்கில்லாத சடங்கு எதற்கு?" என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகலாமா அம்மா? வீட்டிலும் ஏதாவது செய்யலாமா?

— ஒரு வாசகி, ஸ்காபரோ

தாராளமாகப் போங்கள். பழையதைக் கொளுத்துவது எங்கள் ஊர்ப் போகியைவிட மூன்று வாரம் முந்துகிறது, அவ்வளவுதான். அடுக்குமாடி வீடென்றால் தாளைச் சட்டியில் போட்டு, சன்னலைத் திறந்துவைத்து எரிக்கச் சொல்லுங்கள். புகைமணி அடித்துக் கட்டடமே படியிறங்கி வந்தால் அதுதான் பெரிய கூட்டுச் சடங்காகிவிடும்.

மாமி சொல்வதற்கு வருகிறேன். நான் பிறந்தது மலேயாவில், பட்டர்வொர்த்தில். எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் ஹொக்கியன் பேசும் சீனக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியை நாங்களும் 'ஆ மா' என்றே கூப்பிடுவோம். டிசம்பர் 21 அல்லது 22-இல் அவர்களுக்குத் தோங்சி, அதாவது குளிர்காலத்தின் உச்சநாள். சீனருடைய பண்டிகைகள் பெரும்பாலும் நிலவைப் பார்த்து நகர்பவை. இது சூரியனைப் பார்த்து வருவது.

முதல் நாள் மாலை ஆ மா ஈரமாவைப் பிசைந்து, பாதியை இளஞ்சிவப்பாக்கி, எங்களை வரிசையாக உட்காரவைப்பார். மலாய்க்காரர்கள் புலுட் என்று சொல்லும் ஒட்டரிசியின் மாவு அது. கோலிக்குண்டு அளவு உருட்ட வேண்டும். நாங்கள் ஒன்றை உருட்டுவதற்குள் ஆ மாவின் இரு உள்ளங்கைகளுக்கு நடுவிலிருந்து மூன்று சேர்ந்து விழும். கொதிநீரில் போட்டதும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெந்ததும் தானே மேலே வரும். அவற்றை இஞ்சியும் பாண்டான் என்ற வாசனை இலையும் போட்ட சர்க்கரைப் பாகில் சேர்ப்பார்கள். காலையில் முதல் கிண்ணம் முன்னோர் படத்துக்கு. பிறகுதான் எங்களுக்கு. இதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடிவிட்டதாகக் கணக்கு. பெரியவளாகும் அவசரத்தில் நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, வயிறு கல்லாகி, மறுநாள் முழுவதும் கஷாயத்தோடு கிடந்தேன்.

ஆசிரியையான பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பட்டர்வொர்த் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் இருக்கிறது. அங்கே அந்த நாளில்கூடப் பகல் ஏறத்தாழ 11 மணி 48 நிமிடம் உண்டு. குளிரும் இல்லை, நீண்ட இரவும் இல்லை. குளிரை ஊரில் விட்டுவிட்டு, சடங்கை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் கதை தலைகீழ். ஒன்பது மணி நேரம்கூடப் பகல் இல்லாத உண்மையான குளிர்காலத்துக்குள் வந்து இறங்கியிருக்கிறீர்கள், அதற்கென்று கையில் ஒன்றும் இல்லை என்று மாமி நினைக்கிறார்.

இருக்கிறதே! எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆடி முதல் நாள் அங்கிருந்து கூழ் வரும். தேங்காய்ப்பால், பனங்கட்டி, வறுத்த பயறு, பல்லில் அகப்படும் தேங்காய்ச் சொட்டு, அதில் மிதக்கும் சின்னச் சின்ன மாவுருண்டைகள். பலா இலையைக் கோலிக் குடிக்கச் சொல்வார்கள். ஆடிப்பிறப்பு என்றால் என்ன? சூரியன் தெற்கே திரும்புவதாக நாம் வைத்த நாள். தெற்கே போகிற சூரியனை உருண்டை போட்ட இனிப்புக் கூழோடு வழியனுப்புகிற மாமி, வடக்கே திரும்புகிற சூரியனை அதே கூழோடு வரவேற்றால் என்ன குறை? இப்படியே கேட்டுப் பாருங்கள். கூழ்ச்சட்டியை அவர் கையிலேயே கொடுத்து மகளின் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். பலா இலைதான் கிடைக்காது.

டொராண்டோவில் கென்சிங்டன் மார்க்கெட் பகுதியில் டிசம்பர் 21 மாலை கையால் செய்த விளக்குகளும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளுமாக ஊர்வலம் நடந்து வந்திருக்கிறது. இந்த ஆண்டும் உண்டா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

டிசம்பரிலேயே சூரியன் வடக்கே திரும்பிவிட்டால், தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோமே, முன்னோர் கணக்கில் பிழையா?

— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பிழை இல்லை. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை அடையாளமாக வைத்து மாதம் பிரிக்கிறது. பூமியின் அச்சு மெதுவாகத் தள்ளாடுவதால், சூரியன் திசை திரும்பும் அயனநாள் அந்த விண்மீன்களைவிட்டு ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்னால் நகர்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அயனமும் தைப் பிறப்பும் ஒரே நாளில் இருந்தன. இப்போது 24 நாள் இடைவெளி.

என்னுடைய சொந்தச் சடங்கைச் சொல்கிறேன். இங்கே திருச்சியில் என் மொட்டைமாடியில், பழைய தொட்டிச் செடி மண்ணில் ஒரு மீட்டர் கம்பு நட்டிருக்கிறேன். டிசம்பர் 15 முதல் தினமும் 12 மணிக்கும் 12:30-க்கும் இடையே நிழல் மிகக் குறுகும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போடுவேன். 21-ஐ ஒட்டி நிழல் 68 சென்டிமீட்டரில் நிற்கும். நான்கைந்து நாளுக்குக் கோட்டின் மேலேயே கோடு விழும். சூரியன் அப்படியே நின்றுவிட்டதோ என்று தோன்றும். பிறகு மயிரிழையாகக் குறையத் தொடங்கி, பொங்கலன்று 63-க்கு வந்திருக்கும். நீங்களும் செய்து பாருங்கள், தஞ்சைக்கும் இதே அளவுதான். மழை பெய்தால் கோடு அழிந்துவிடும். பக்கத்தில் ஒரு நோட்டும் வேண்டும்.

குளிர்காலத்தில் ஈரானியர் தர்ப்பூசணி சாப்பிடுகிறார்களாமே?

— ஒரு வாசகி, சேலம்

ஆமாம். இதே மிக நீண்ட இரவுக்கு அங்கே யல்தா என்று பெயர். பிறப்பு என்று பொருள்படும் சிரியாக் மொழிச் சொல். வீட்டில் மூத்தவரிடம் எல்லோரும் கூடி, மாதுளையும், கோடையின் மிச்சமாகத் தர்ப்பூசணியும் வைத்துக்கொண்டு, பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் கவிதைகளைக் குறிபார்க்கப் புரட்டியபடி நெடுநேரம் விழித்திருப்பார்கள். 2022-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து இதைப் பதிவு செய்தன.

டிசம்பர் 21-தான் மிகக் குறுகிய பகல் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஜனவரி கடைசியில்தான் விடிய மிகவும் தாமதமாகிறது. எது சரி?

— ஒரு மாணவர், கோவில்பட்டி

இரண்டும் சரி. சூரியனின் நண்பகல் நம் கடிகாரத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை அது நாளுக்கு நாள் பின்தங்குகிறது. அதனால் நம் பக்கத்தில் மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பரில். காலை மிகத் தாமதமாக விடிவது ஜனவரி கடைசியில். பகலின் மொத்த நீளம் மட்டும் டிசம்பர் 21-ஐ ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியரிடம் கம்புக் கணக்கையும் காட்டுங்கள்.