சுய உருவப்படத்தில் பழைய கடிதங்களை ஒட்டும்போது

அம்மாவின் கடிதங்களைக் கேன்வாஸில் ஒட்டி மேலே உங்கள் முகத்தை அக்ரிலிக்கில் வரைந்தால், மை கரைந்து கன்னமெல்லாம் நீலமாகிறது என்கிறீர்கள். முதலில் மிச்சமிருக்கும் அசல் கடிதங்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். லேசர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், அதன் டோனர் (மைத்தூள்) தண்ணீரில் கரையாது. சாதாரண இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் மறுபடி இதே கதைதான். தாளின் அடியிலும் மேலும் மேட் மீடியம் (பளபளப்பில்லாமல் காயும், பசைபோல ஒட்டும் அக்ரிலிக் திரவம்) தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிவிட்டால் அவ்வளவாகச் சுருங்காது. ஆயில் பேஸ்டல் (எண்ணெய் கலந்த வண்ணக்குச்சி) தீட்டுவதானால் கடைசியில்தான், அதன்மேல் அக்ரிலிக் பிடிக்காது.

அப்புறம், முகம் உங்களைப் போலவே இல்லை என்ற கவலை. செல்ஃபியைப் பார்த்தா வரைகிறீர்கள்? கிட்டே பிடித்து எடுத்தால் மூக்கு பெரிதாகத்தான் விழும். கண்ணாடி முன் உட்காருங்கள், கேமராவுக்கு வைத்த சிரிப்பு கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும். கடிதத்தின் எந்த வரி கண்ணருகே வரவேண்டும், எதை வண்ணத்தால் மூடவேண்டும் என்பதை அதற்கப்புறம் முடிவு பண்ணுங்கள்.