டாக்டர் சீட்டை விடுங்கள், டர்ஹாமைப் பாருங்கள்

லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 17 வயது. கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்ட அளவிலான தொழில்முறை கிரிக்கெட் அணி) அகாடமியில் தொடக்க மட்டையாளன். கணிதமும் புவியியலும் அவனுக்குப் பிடித்த பாடங்கள். வேதியியல் அவன் பெரியப்பாவுக்குப் பிடித்த பாடம். "மருத்துவம் படிக்கட்டும், கிரிக்கெட்டைச் சனி ஞாயிறில் ஆடிக்கொள்ளட்டும்" என்கிறாராம் பெரியப்பா. பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது என்று கேட்கிறார்.

பையன் சாப்பிடாததுதான் இதில் கவலைக்குரிய விஷயம் அம்மா. மருத்துவம் குறைந்தது ஐந்து ஆண்டுப் படிப்பு. மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியபின் நீண்ட கோடை விடுமுறையும் இல்லை. கவுண்டி பருவமோ ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. இரண்டும் ஒரே நாட்காட்டியில் அடங்காது. தவிர, டாக்டராக விரும்பாத பிள்ளையை டாக்டராக்குவது நோயாளிகளுக்கும் நல்லதல்ல.

அதற்காகப் படிப்பை விட்டுவிட்டு ஆடட்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். திறமை இருந்தாலும் கிரிக்கெட்டை மட்டும் நம்ப முடியாது. முதல்தர ஆட்டங்களில் 114 சதம் அடித்த இங்கிலாந்து வீரர் மார்க் ராம்பிரகாஷின் டெஸ்ட் சராசரி 27 ரன்தான். இன்னொரு இங்கிலாந்து வீரர் ஜேம்ஸ் டெய்லர் இதயக் கோளாறால் 2016-ல் 26 வயதிலேயே ஓய்வு பெற்றார். இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் கிரேம் ஃபௌலரை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1985 ஜனவரியில் சேப்பாக்கத்தில் 201 ரன் குவித்தார் (சிவராமகிருஷ்ணன் சுழலையும் சமாளித்துத்தான்). அடுத்த கான்பூர் டெஸ்டே அவருக்குக் கடைசி. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு ஆடச் சென்றதற்காகத் தடை பெற்றிருந்த தொடக்க ஆட்டக்காரர் கூச் திரும்பி வந்தார், ஃபௌலருக்குக் கழுத்துக் காயமும் ஏற்பட்டது, கதவு மூடிவிட்டது.

அந்த ஃபௌலர்தான் 1996-ல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரிக்கெட் மையத்தைத் தொடங்கினார். பட்டப்படிப்பு ஒருபக்கம், தொழில்முறைத் தரத்தில் பயிற்சி மறுபக்கம். பின்னர் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, கார்டிஃப், லஃப்பரோ, லீட்ஸ்/பிராட்ஃபோர்டு ஆகிய இடங்களிலும் இதே முறை வந்தது. குளிர்காலம் முழுக்க உள்ளரங்க வலைப்பயிற்சி, உடற்பயிற்சி. வசந்தத்தில் பல்கலைக்கழக ஆட்டங்கள். தேர்வு முடிந்ததும் தன் கவுண்டிக்குத் திரும்பி அங்கே இரண்டாம் அணியில் ஆடலாம். வசந்த ஆட்டங்களும் தேர்வுக் காலமும் இடிக்கும், அது உண்மை. ஆனால் 18 வயதில் கவுண்டி ஒப்பந்தம் கிடைக்காத மட்டையாளனுக்கு, ஆட்டம் முதிர மூன்று ஆண்டு அவகாசம் கிடைக்கிறது. டர்ஹாமில் பொருளாதாரம் படித்த ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் 1998-ல் மிடில்செக்ஸ் கவுண்டிக்கு ஆடத் தொடங்கினார். இங்கிலாந்து டெஸ்ட் அணியில் நுழைந்தது 2004-ல், 27 வயதில். முதல் இன்னிங்ஸிலேயே சதம். 100 டெஸ்ட் ஆடி முடித்தார். உங்கள் வீட்டில் 17 வயதுக்கு ஏன் இத்தனை அவசரம்?

மையம் வருவதற்கு முன்பே அதே டர்ஹாமில் இயற்கை அறிவியல் படித்தவர் நாசர் ஹுசைன். சென்னையில் பிறந்தவர், அவருடைய தந்தை கிரிக்கெட் பள்ளி நடத்தியது உங்கள் இல்ஃபோர்டில்தான். 1989-ல் அவர் ஆடிய பல்கலைக்கழக மாணவர்களின் கூட்டு அணி, சர்ரே, வூஸ்டர்ஷயர் கவுண்டி அணிகளைத் தோற்கடித்து, பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை என்ற ஒருநாள் போட்டியின் காலிறுதிவரை போனது. அங்கே சாமர்செட்டிடம் மூன்று ரன்னில் தோற்றபோது நாசர் அடித்தது 118. படிப்பு அவருடைய மட்டையைப் பிடித்து நிறுத்தவில்லை; பின்னாளில் இங்கிலாந்து அணிக்குத் தலைவரானார்.

பணத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வலைப்பயிற்சி வசதிக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரியும் சேர்ந்துவிட்டது. இதற்காக வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள். பல்கலைக்கழகக் கட்டணம் 2025-26-ல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. மாணவர் கடன் கிடைக்கும். அவன் ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய பிறகே, தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். வேலை இல்லாத ஆண்டில் பிடித்தம் இல்லை. வருமானம் நிலையில்லாத கிரிக்கெட் வீரனுக்கு இதைவிடப் பொருத்தமான கடன் கிடையாது.

மருத்துவ விண்ணப்பத்துக்கு அக்டோபர் 15 கடைசி நாள். அதைக் காட்டித்தான் பெரியப்பா அவசரப்படுத்துகிறார். மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் இருக்கிறது. புவியியலை முதல் விருப்பமாக வைத்து, டர்ஹாம், லஃப்பரோ இரண்டின் திறந்த நாட்களுக்கும் (சேர விரும்புவோர் வந்து பார்க்கும் நாட்கள்) அவனை அழைத்துப் போங்கள். அங்குள்ள பயிற்சியாளரிடம் அவனே பேசட்டும். கிரிக்கெட்டுக்காக மதிப்பெண்ணில் சலுகை எதிர்பார்க்காதீர்கள். பெரியப்பாவிடம் பேசும் வேலையை மட்டும் அவன் தலையில் போடாதீர்கள், அது உங்களுடையது.