ரேமுக்கு அலுமினியத் தகடு வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: "ஏசி இல்லாத அறை. தகடு இல்லாத டிடிஆர்4 3200 ரேம் இரண்டு பாவிக்கிறேன். பின்னேரங்களில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது. ஹீட் ஸ்பிரெடர் (சூட்டைப் பரப்பும் அலுமினியத் தகடு) உள்ள 44 மி.மீ உயர ரேம் வாங்கச் சொல்கிறார்கள். சிபியூ கூலர் நொக்டுவா என்எச்-டி15. மாற்றலாமா?"

இப்போதைக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். 1.2 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்4 ரேம் ஒன்று எடுப்பது சில வாட் மின்சாரம்தான். சிப்புகள் 85 பாகை செல்சியஸ் வரை வழமைபோல் இயங்கும். காற்றோட்டமுள்ள கேசிங்குக்குள், கொழும்பு வெயிலிலும் அவ்வளவு சூடு ஏறுவது அரிது.

முதலில் ரேமின் தொடுமுனைகளை, அதாவது ஸ்லொட்டுக்குள் போகும் தங்கநிற விளிம்பைப் பாருங்கள். கடலோர வீடுகளில் உப்பீரமும் தூசியும் சேர்ந்து அவற்றில் படியும். மின்இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனை ஒருதரம் அமத்திவிட்டு, ரேமை எடுங்கள். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். அழிறப்பரால் தேய்க்காதீர்கள், தங்கப்பூச்சு மிக மெல்லியது. காய்ந்ததும், இரு முனையும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அமத்துங்கள். சிபியூ சூட்டையும் ஹேங் ஆகும் நேரத்தில் பார்த்துவையுங்கள். பல நேரம் உண்மைக் குற்றவாளி அதுதான்.

பிறகு, வெக்கையான பின்னேரமொன்றில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் ரேம்களைத் தனித்தனியாக, ஒரே ஸ்லொட்டில் போட்டுச் சோதியுங்கள். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அது பழுது, வாரண்டிக்குக் கொடுங்கள். இரண்டிலும் வந்தால் ஸ்லொட்டையோ மதர்போர்டையோ சந்தேகிக்க வேண்டும்.

44 மி.மீ ரேமில் இன்னொரு சிக்கல். உங்கள் கூலர் இரு ஃபேன்களோடு இருந்தால் ரேமுக்கு விடும் இடம் 32 மி.மீ. தகடில்லாத ரேமின் உயரம் 31.25 மி.மீ; மட்டுமட்டாக அடங்கும். 44 என்றால் முன் ஃபேனை 12 மி.மீ உயர்த்த வேண்டும். கூலரின் 165 மி.மீ உயரம் 177 ஆகும். கேசிங்கின் பக்கக் கதவு மூடுமா என்று அளந்து பாருங்கள்.

1.4 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து ஓவர்குளொக் செய்பவருக்கு, அதாவது ரேமை வழமையைவிட வேகமாக ஓடவிடுபவருக்கு, தகடு உதவும். அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 வேறு கதை: மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப் ரேமிலேயே இருப்பதால், அங்கும் சூடு உண்டாகும்.

தகடுள்ள ரேம் ஏற்கெனவே கையிலிருந்தால், கூலருக்கு இடம் காணவில்லையென்று அதை நெம்பிக் கழற்ற வேண்டாம். பசை இறுகியிருந்தால் தகட்டோடு சிப்பும் பெயர்ந்து வந்துவிடும்.