ஒரே குடும்பம், மூன்று பிறந்த தேதி: முகாமில் பிறந்தவருக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா?

கேள்வி: அப்பா மன்னார்க்காரர். அம்மாவின் குடும்பம் மலையகத்தில் இருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா வந்தது. இருவரும் 1985-ல் படகில் ராமேசுவரம் வந்தார்கள். அண்ணன் 1986-ல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தான். இந்திய இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள், 1990-ல் மறுபடி வந்தார்கள். நான் 1993-ல் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தேன். 2017-ல் வளசரவாக்கத்தைச் சேர்ந்தவரை மணந்தேன். அவர் இந்தியக் குடிமகன். மகள் 2020-ல் பிறந்தாள். கணவருக்கு இப்போது துபாயில் வேலை. எனக்கும் மகளுக்கும் பாஸ்போர்ட் எடுக்க முடியுமா? ‘ஆதார் இருக்கே, அப்பா அம்மா இந்தியர்னு போட்டு முடிச்சிடலாம்’ என்கிறார் ஒரு ஏஜென்ட். அப்பாவுக்கு ஊருக்கே போய்விட வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஏஜென்டை இன்றோடு விடுங்கள். 182 நாள் இங்கே வசித்த வெளிநாட்டவருக்கும் ஆதார் உண்டு. அது குடியுரிமைக்குச் சான்றே இல்லை. இந்தியக் குடியுரிமை இல்லாத ஒருவர் அதை மறைத்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால், 1967-ஆம் வருட பாஸ்போர்ட் சட்டத்தின் 12(1ஏ) பிரிவுப்படி குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை, அபராதம் வேறு. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் விமான நிலையக் குடியேற்றச் சோதனையில்தான், கையில் டிக்கெட்டோடு. அப்போது ஏஜென்ட் பக்கத்தில் இருக்க மாட்டார். வாக்காளர் அட்டையும் அப்படித்தான். பொய் உறுதிமொழி கொடுத்துப் பெயர் சேர்த்திருந்தால், பிறகு நேர்மையாக விண்ணப்பிக்கும்போது அதுவே எதிராக நிற்கும்.

உங்கள் வீட்டில் ஆளுக்கொரு நிலை வந்ததற்குக் காரணம் இரண்டு காலண்டர்கள். ஒன்று போரின் காலண்டர். 1983 ஜூலை கலவரத்தில் தொடங்கி 2009 மே வரை சண்டை மூளும்போதெல்லாம் படகுகள் வந்தன, ஓய்ந்தபோது ஒரு பகுதியினர் திரும்பினார்கள். மொத்தத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் பாக் நீரிணையைக் கடந்து வந்தார்கள். இன்னொன்று இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் காலண்டர். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும். முதல் கதவு மூடியது 1985 அசாம் ஒப்பந்தத்தை அடுத்து வந்த திருத்தத்தால். அது நடைமுறைக்கு வந்து 28 நாள் கழித்து, 1987 ஜூலை 29-ல், கொழும்பில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவின் வடகிழக்கு எல்லைச் சிக்கலுக்குப் போட்ட பூட்டு, மண்டபத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் விழுந்தது.

அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் ‘நாங்கள் அகதிகள்’ என்ற வாதம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் எடுபடாது. பிறந்த தேதியும் பதிவேடும்தான் பேசும்.

அண்ணனின் வழக்குதான் மூன்றிலும் எளிது. குடியுரிமைச் சட்டப் பிரிவு 3(1)(ஏ)-படி அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மனுப்போட்டுக் குடியுரிமை கேட்க வேண்டியதில்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். நடுவில் மூன்று வருடம் மன்னாரில் இருந்ததால் குடியுரிமை போய்விடாது. பெரியவரான பிறகு தானாக விரும்பி இலங்கைக் குடியுரிமை பெற்றிருந்தால்தான் போகும். ஆகவே முடிவு எடுக்கும்வரை, இலங்கைத் துணைத் தூதரகத்தில் அண்ணன் பெயரை யாரும் பதிய வேண்டாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று செய்யப்படும் இந்தப் பதிவு பின்னால் பெரும் தலைவலி.

சிக்குவது எங்கே தெரியுமா? 1990-ல் மறுபடி வந்து இறங்கியபோது எழுதிய வருகைப் பதிவேட்டில். குடும்பம் மொத்தத்துக்கும் பிறந்த இடம் ‘மன்னார்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ் மண்டபம் என்கிறது, முகாம் பதிவு மன்னார் என்கிறது. காவல் துறை சரிபார்ப்பில் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எனவே பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு முன்பே, பிறப்புச் சான்றிதழை வைத்து முகாம் வருவாய் ஆய்வாளர் வழியாக ஆட்சியருக்கு மனுக்கொடுத்து, முகாம் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிறப்பே பதியப்படவில்லை என்றால், பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வாங்க வேண்டும். ஒரு வருடம் கடந்த பிறப்பைப் பதிய முன்பு நீதிமன்ற நடுவர் உத்தரவு தேவைப்பட்டது. 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட நடுவரோ, கோட்ட நடுவரோ, அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோ உத்தரவிடலாம். மனுப்போட வேண்டிய இடம் சென்னை அல்ல, ராமநாதபுரம் மாவட்டம். பிரசவக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, 1986, 87-ஆம் வருட முகாம் உதவித்தொகைப் பட்டியல், ஞானஸ்நானப் பதிவு என்று அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட எதுவும், இன்று எழுதி வாங்கும் பத்து உறுதிமொழிப் பத்திரங்களைவிட வலுவானது.

பெயர் எழுத்தையும் பாருங்கள். இலங்கையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் வரும். இங்கே பள்ளியில் இனிஷியலாகச் சுருங்கும். செபஸ்தியாம்பிள்ளை ஒரு தாளில் செபஸ்டியன் பிள்ளையாகவும் இன்னொன்றில் எஸ். பிள்ளையாகவும் இருந்தால், கணினிக்கு அவர்கள் மூன்று ஆட்கள்.

இனி உங்கள் நிலை. 1993-ல் பிறந்தவர் என்பதால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டுமே நீங்கள் பிறப்பால் குடிமகள். ‘இருவரும் இலங்கையர்தானே’ என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அம்மா மலையகம் என்கிறீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவில் இருந்து போனவர்களின் வழி வந்தவர்கள் அவர்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் தாத்தா பாட்டி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, இந்திய பாஸ்போர்ட் வாங்கி, அதில் சிறுமியாக இருந்த அம்மாவின் பெயரும் ஏறி, ஆனால் கப்பல் ஏறாமலே வவுனியாவில் தங்கியிருந்தால்? அப்படியானால் அம்மா இந்தியக் குடிமகள் என்று வாதிட வழியுண்டு. அது நிலைத்தால் 1993-ல் பிறந்த நீங்களும் குடிமகள்தான். அம்மாவின் தகரப் பெட்டியையும், மாமா சித்தி வீடுகளில் உள்ள பழைய தாள்களையும் முதலில் புரட்டிப் பாருங்கள். உறவினரில் யாராவது ஒப்பந்தத்தின் கீழ் தாயகம் திரும்பியவர்களாக நீலகிரியிலோ வேறெங்கோ குடியமர்ந்திருந்தால், அவர்களிடம் உள்ள குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் பெரிய தடயம்.

பெட்டியில் ஒன்றும் இல்லை என்றால், மிஞ்சுவது குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 5(1)(சி): இந்தியரை மணந்தவர், விண்ணப்பத்துக்கு முன் ஏழு வருடம் இங்கே வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை. பலர் நினைப்பதுபோல, திருமணத்துக்குப் பிறகு ஏழு வருடம் என்று சட்டத்தில் இல்லை. கடைசிப் பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய எட்டு வருடத்தில் ஆறு வருடமும் இங்கே இருந்திருக்க வேண்டும். படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள சென்னை ஆட்சியர் அலுவலகத்தில் தர வேண்டும்.

இதில் இரண்டு முட்டுக்கட்டை. ‘சட்டவிரோதக் குடியேறி’ விண்ணப்பிக்க முடியாது. ஆனால் சட்டம் அந்தச் சொல்லுக்குத் தரும் விளக்கம், உரிய ஆவணமின்றி ‘இந்தியாவுக்குள் நுழைந்த’ வெளிநாட்டவர் என்பது. நீங்கள் எங்கிருந்தும் நுழையவில்லை, கும்மிடிப்பூண்டியில் பிறந்தீர்கள். இந்த ஒரு வாதத்தை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இரண்டாவது, படிவம் வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதியும் கேட்கிறது. இந்தியராக ஆவதற்கு முதலில் இலங்கையர் என்று நிரூபிக்க வேண்டும்! வேடிக்கைதான், ஆனால் நடைமுறை இது. அதற்கு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உங்கள் பிறப்பைப் பதிந்து, வம்சாவளிக் குடியுரிமை பெற வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டிய பதிவு அது. பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி பெறலாம். உங்கள் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், அவர்களுடைய திருமணச் சான்றிதழ் தேவை. அம்மா வழியாகவும் கோரலாம், 2003 திருத்தம் அதற்கு வழிவிட்டது. அம்மாவின் குடியுரிமைக்கே தாள் இல்லை என்றால், இந்திய வம்சாவளியினருக்கான 2003-ஆம் வருட 35-ஆம் இலக்கச் சட்டமும், இந்தியாவில் அகதிகளாக இருப்பவர்களையும் சேர்த்த 2009 திருத்தமும் உதவும். சென்னையில் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் முகாம் மக்களோடு வேலை செய்கிறது. இந்தப் பதிவுகளில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம், காசு கேட்கும் தரகரைத் தேட வேண்டாம்.

இலங்கை பாஸ்போர்ட் கிடைத்ததும் துபாய்க்குக் கிளம்பிவிடாதீர்கள். வெளியேற நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வெளியேறிய பிறகு, திரும்பி வர விசா வேண்டும். குடியுரிமை மனுக்கொடுக்கும் முன் வெளியே போனால், அந்தப் பன்னிரண்டு மாதத் தொடர்ச்சியும் அறுந்துவிடும்.

அதுவரை உங்களைக் காப்பது முகாம் பதிவுதான். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்தில் இருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. விலக்கு பதிவு பெற்றவர்களுக்கு மட்டும். கல்யாணமாகி வளசரவாக்கம் வந்தபோது முகாமில் சொல்லிவிட்டு, பதிவை மாற்றிக்கொண்டு வந்தீர்களா? சொல்லாமல் வந்து, தணிக்கைகளில் ஆள் இல்லை என்று பெயர் நீக்கப்பட்டிருந்தால், அதைச் சரிசெய்வதே முதல் வேலை. சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கும், வசிக்கும் பகுதிக் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் மனுக்கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டு நகல் கேட்க நினைத்தால், அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும். கணவர் பெயரில் கேட்டு, உங்கள் ஒப்புதல் கடிதத்தை இணையுங்கள்.

மகளுக்கு விண்ணப்பிக்கலாம். தகப்பன் இந்தியர், தாய் சட்டவிரோதக் குடியேறியா என்பது மட்டுமே கேள்வி, அதற்கு மேலே சொன்ன அதே வாதம். சிறார் பாஸ்போர்ட்டுக்கான உறுதிமொழிப் படிவமான அனெக்ஸர் டி-யில் பெற்றோர் இருவர் கையெழுத்தும் வேண்டும். உங்கள் நிலையை மறைக்காமல் எழுதுங்கள். மறுத்தால் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். பாஸ்போர்ட் சட்டப் பிரிவு 5(3)-படி காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, பிரிவு 11-ன் கீழ் மேல்முறையீடு செய்யுங்கள், பிறகு உயர் நீதிமன்றம். இணையாக, சிறப்புச் சூழலில் உள்ள சிறாரைக் குடிமகனாகப் பதியும் குடியுரிமைச் சட்டப் பிரிவு 5(4)-லும் மனுக்கொடுத்து வைக்கலாம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைச் சிலர் சொல்வார்கள். அது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தில் இருந்து வந்தவர்களுக்கு மட்டும்.

அப்பாவின் பயணத்துக்கு வரிசை முக்கியம். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் மன்னாரில் உள்ள உறவினர், பிறப்பு பதிந்த பிரதேச செயலகத்தில் (இங்குள்ள தாலுகா அலுவலகம் போன்றது) நகல் கேட்கட்டும். பதிவேடே போரில் அழிந்திருந்தால் அனுமான வயதுச் சான்றிதழ் கேட்கலாம். அதை வைத்துத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம், அதன் பிறகு வெளியேறும் அனுமதி, கடைசியில் டிக்கெட். டிக்கெட்டை முதலில் எடுத்துப் பணத்தை இழப்பவர்கள் அதிகம். படகில் போகவே கூடாது. முறையாகப் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2025 மே மாதம் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவரை, பல வருடங்களுக்கு முன் அனுமதியற்ற வழியில் நாட்டைவிட்டுப் போனார் என்று கைது செய்தார்கள். அப்பா இறங்கும் நாளில் அங்கே ஒரு சட்டத்தரணி (வழக்கறிஞர்) தயாராக இருக்கட்டும்.

காணியை நம்பிப் போகிறார் என்றால், போவதற்கு முன் அது உறுதிக் காணியா (பத்திரம் உள்ள சொந்த நிலம்), அரசு அனுமதிப்பத்திரக் காணியா (அனுமதி பெற்று அனுபவிக்கும் அரசு நிலம்) என்று பாருங்கள். உறுதிக் காணியை வேறொருவர் பத்து வருடம் ஆண்டால் உரிமை கோரலாம் என்பது அங்குள்ள பொது விதி. இடம்பெயர்ந்தவர்களுக்கு அதில் இருந்து விலக்களித்த 2016-ஆம் வருடச் சட்டம் வழக்குப் போட இரண்டு வருடமே தந்தது; அது முடிந்துவிட்டது. அனுமதிப்பத்திரக் காணி என்றால் பேச வேண்டிய இடம் நீதிமன்றம் அல்ல, பிரதேச செயலகம். அப்பா போனதும் அவர் பெயரில் வரும் மாத உதவி 1,500 ரூபாய் நின்றுவிடும். குடும்பத் தலைவராக அம்மா பெயரை மாற்றும் மனுவை அவர் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள்.