கம்பெனி ஷாக்லயே கார் உயரத்த ஏத்தி இறக்க முடியுமா?

கேள்வி: வணக்கம் சார், என்கிட்ட இருக்கறது 2018 ஸ்விஃப்ட், 90,000 கி.மீ ஓடிருச்சு. வீட்ல அஞ்சு பேரும் ஏறினா ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டுது. கோயம்புத்தூர்ல காயில் ஓவர் செட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்து, உயரத்த ஏத்தி இறக்கற மாதிரி வர்றது) விசாரிச்சேன், லட்சத்துக்கு மேல சொல்றாங்க. இங்க ஒரு லேத்காரர், பழைய ஷாக்லயே மரை போட்ட அலுமினிய ஸ்லீவ் மாட்டி வேணும்ங்கறப்ப ஏத்தி இறக்கற மாதிரி 15,000க்கு பண்ணித் தரேங்கறார். பண்ணலாமா?
- ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: ஸ்லீவ் வைக்கறது புதுசில்ல தம்பி, வெளிநாட்டுல வண்டிய தாழ்த்தறதுக்கு ரொம்ப வருஷமா பண்றதுதான். ஆனா உங்க வண்டிக்கு வேண்டாம். ஸ்விஃப்ட்ல முன்னாடி இருக்கறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணா சேர்ந்த அமைப்பு, ஸ்பிரிங் உக்கார்ற தட்டு ஷாக் குழாயோட சேர்த்தே வெல்டிங் வச்சிருக்கும், ஸ்லீவ் இறங்கணும்னா அந்த தட்ட அறுத்தே ஆகணும். உள்ள ஆயில் இருக்கு, கேஸ் ஷாக்னா அழுத்தமும் இருக்கு, அதுல போய் கிரைண்டரும் வெல்டிங்கும் வச்சா சீல் கருகிரும், குழாய் ஓட்டை விழுந்தா பக்கத்துல நிக்கறவருக்கே ஆபத்து. போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு வண்டில இப்படி லேத்துல வச்ச வளையம் ஒரு பக்கம் விட்டுப்போய், ஸ்பிரிங் சாஞ்சு டயர் உள்பக்கத்த உரசிட்டே வந்து நூல் தெரியற அளவுக்கு தேஞ்சிருந்துச்சு, அந்த டயரோட குடும்பமா திருச்சி வரைக்கும் போய்ட்டு வந்திருக்காங்க, பாத்ததும் எனக்கு பகீர்னு ஆயிருச்சு.

இன்னொண்ணு, உங்க பழைய ஸ்பிரிங் ஸ்லீவுக்கு சேராது, உள்விட்டம் 60 அல்லது 65 மி.மீ இருக்கற நேர் ஸ்பிரிங் வாங்கணும். அது கெட்டியா இருக்கும், கம்பெனி ஷாக்கால அத அடக்க முடியாது, வண்டி துள்ளிட்டே போகும்.

முதல்ல ஒரு டேப் எடுங்க. ஆள் இல்லாம சமதளத்துல நிறுத்தி, வீல் நடுவுல இருந்து மேல மட்கார்ட் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளங்க, தெரிஞ்சவங்ககிட்ட அதே மாடல் அதே டயர் சைஸ்ல கம்மியா ஓடின வண்டி இருந்தா அதையும் அளந்து பாருங்க. உங்களுது 15, 20 மி.மீ கம்மின்னா ஸ்பிரிங் தளர்ந்து உக்காந்துருச்சுன்னு அர்த்தம். இந்த மாடலுக்கு கம்பெனி சொல்ற கிரவுண்ட் கிளியரன்ஸே 163 மி.மீ தான், அதுல 20 போனா என்ன மிஞ்சும்? ஸ்பீட் பிரேக்கருக்கு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ உயரம்னு அளவு இருக்கு, அப்படி போட்டிருந்தா பிரச்சனையே இல்ல, நம்ம ஊர்ல குறுகலா செங்குத்தா போட்டு வச்சா நடு வயிறுதான் இடிக்கும்.

அஞ்சு பேர் ஏறினா அதிகமா இறங்கறது பின்பக்கம். அங்க ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, அதனால ஒரிஜினல் ஸ்பிரிங் ஜோடியா மாத்தறது சுலபமான வேலை, காயில் ஓவர் விலைல சின்ன பங்குதான் ஆகும், ரெண்டு ஷாக்லயும் ஆயில் கசியுதான்னு அப்பவே பாத்துருங்க. மாத்தியும் பத்தலன்னா ஸ்பிரிங் அடில 10 மி.மீ ரப்பர் பேட் போதும். சுருளுக்கு நடுவுல செருகுற ரப்பர் பஃபர் வேண்டாம், அந்த சுருள் வேலை செய்யாம மிச்ச சுருள்தான் மொத்த அடியும் வாங்கும். முன்னாடி ஸ்பேசர்ங்கற இடைக்கட்டை போட்டு தூக்கினா, வீல சுத்த வைக்கற டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறும், அலைன்மென்டும் போயிரும், அங்க கைய வைக்காதீங்க.

மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, 2019 ஜனவரில வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ரெண்டுமே கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மாத்தக்கூடாதுன்னுதான் சொல்லுது, தட்ட அறுத்த வண்டி ஆக்சிடென்ட்ல மாட்டினா இன்சூரன்ஸ்காரங்க கேக்கற கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்காது. நாலு அளவையும் எழுதி அனுப்புங்க, எந்த பக்கம் மாத்தணும்னு பாத்து சொல்றேன்.