இரண்டாவது பாம்பு: பெரிதாகவும் வேண்டும், சாதுவாகவும் வேண்டும்

கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பை வளர்த்துப் பழகியவர்கள் அடுத்து, அதுபோலவே விஷமில்லாத கிங்ஸ்நேக் பக்கம் திரும்புவது அமெரிக்காவில் வழக்கம்தான். வந்திருக்கும் கேள்விகளில் பலவும் முதல் கேள்வியின் வேறு வேறு வடிவங்கள். அதனால் அதற்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம்.

நான்கு வருடமாக ஒரு கார்ன் ஸ்நேக் இருக்கிறது, தங்கமான குணம். அடுத்து அதைவிடக் கனமான, கடிக்காத கிங்ஸ்நேக் ஒன்று வேண்டும். மலைப்பாம்பு அளவுக்குப் போக விருப்பமில்லை. எதை வாங்கலாம்? – வாசகர், ஆஸ்டின்

என் முதல் தேர்வு ஃபுளோரிடா கிங்ஸ்நேக். வளர்ந்தது மூன்றரை முதல் ஐந்து அடி வரை இருக்கும். நீளத்தில் உங்கள் கார்ன் ஸ்நேக்கை விட அதிகம் என்று சொல்ல முடியாது, ஆனால் உடல் திரட்சி வேறு. கையில் எடுத்தால் கனம் தெரியும். குட்டியில் சங்கிலி போன்ற பட்டைகள் பளிச்சென்று இருக்கும். வளர வளர அவை மங்கி, ஒவ்வொரு செதிலிலும் வெளிர் மஞ்சள் ஏறிவிடும். குட்டியின் நிறத்தில் மயங்கி வாங்குகிறவர்கள் வளர்ந்த பாம்பின் படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அதைவிடச் சற்றுச் சிறியது, கிழக்கு கிங்ஸ்நேக். கறுப்பு உடலில் வெள்ளைச் சங்கிலி. பெரும்பாலும் மூன்று, நான்கு அடிதான். பதிவான மிக நீளமானது 208 செ.மீ. அதை நம்பி வாங்காதீர்கள், அது விதிவிலக்கு.

கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் சாப்பாடு என்றால் வெறி. மெக்சிகோவின் சொனோரா பகுதியிலிருந்து வரும் மெக்சிகன் பிளாக் கிங்ஸ்நேக் இப்போது எல்லோரும் கேட்பது. மையில் தோய்த்தெடுத்தது போன்ற கறுப்பு, பார்க்க அழகுதான். ஆனால் மூன்று, நான்கு அடியில் நின்றுவிடும் என்பதால் உங்கள் 'பெரியது' என்ற நிபந்தனைக்குள் அதுவும் வராது.

உண்மையிலேயே பெரியது வேண்டுமென்றால் பிளாக் மில்க் ஸ்நேக்கைப் பாருங்கள். இதுவும் கிங்ஸ்நேக் பேரினத்தைச் சேர்ந்ததே. கோஸ்டாரிகா, பனாமா மலைப்பகுதிகளில் வாழ்வது, ஆறடி வரை போகும். பிறக்கும்போது சிவப்பு, கறுப்பு, வெளிர் பட்டைகளோடு இருந்து, பிறகு முழுக்கக் கறுத்துவிடும். குட்டிகள் படபடவென்று துள்ளும், வளர்ந்தவை நிதானமானவை. மலைவாசி என்பதால் அதிக வெப்பம் ஆகாது. ஆஸ்டின் கோடையில் ஏசி நின்றுபோனால் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

இனத்தின் பெயரை மட்டும் வைத்துக் குணத்தை முடிவு செய்ய வேண்டாம். ஒரே ஈட்டில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்று கையில் சுருண்டு கிடக்கும், இன்னொன்று தொட்டாலே வாலை ஆட்டிச் சீறும். விற்பவர் கையில் அந்தக் குறிப்பிட்ட பாம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இடம் குறைவு. பெரிய டேங்க் (கண்ணாடிப் பெட்டி) ஒன்றில் நடுவே தடுப்பு வைத்து கார்ன் ஸ்நேக், கிங்ஸ்நேக் இரண்டையும் வளர்க்கலாமா? – வாசகி, டொராண்டோ

கூடாது. தடுப்பு நகர்ந்த அன்று உங்களிடம் ஒரு பாம்புதான் இருக்கும். கிங்ஸ்நேக் பிற பாம்புகளைத் தின்னும் பாம்பு. காட்டில் ராட்டில்ஸ்நேக்கையே விழுங்குகிறது, அதன் விஷம் இதை எளிதில் பாதிப்பதில்லை. கார்ன் ஸ்நேக் சேர்ந்திருக்கும் ரேட் ஸ்நேக் (எலிப்பாம்பு) வகையையும் கிங்ஸ்நேக்குகளையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரே அளவு உடலில் கிங்ஸ்நேக்கின் இறுக்கம் அதிகம் என்று தெரிந்தது. தசை அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, சுற்றும் முறையில்தான் சூட்சுமம். தன் நீளத்துக்குச் சமமான பாம்பையும் அது விழுங்கும், இரையின் முதுகெலும்பை அலை அலையாக மடித்து வயிற்றுக்குள் அடக்கிவிடும். இரண்டு கிங்ஸ்நேக்குகளையும்கூடச் சேர்த்து வைக்க முடியாது.

என் கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் வெளியே எடுத்தால் பரம சாது. டேங்குக்குள் கை விட்டால் மட்டும் பாய்ந்து கடிக்கிறது, கடித்தால் விடுவதில்லை. இது கோபமா? – வாசகர், சான் ஹோசே

கோபமில்லை, பசி. பயந்த பாம்பு கொத்திவிட்டு உடனே பின்வாங்கும். சாப்பாடு என்று நினைத்த பாம்பு பிடித்துக்கொண்டு மெல்லும், சில சமயம் கையைச் சுற்றி இறுக்கவும் பார்க்கும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. மூடி திறந்தால் எலி வரும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. கிங்ஸ்நேக்கைச் சாது என்று சொல்லும்போது யாரும் சொல்லாமல் விடுவது இதைத்தான். அதற்கு மனிதர்மேல் பகை கிடையாது, ஆனால் அசைகிற எதையும் ஒருமுறை ருசித்துப் பார்க்கும்.

கை விடுமுன் பாம்புக் கொக்கியால், அது இல்லாவிட்டால் அட்டைக் குழல் ஒன்றால், உடலின் நடுப்பகுதியை மெதுவாகத் தொடுங்கள். சில வாரத்தில் 'தொட்டால் தூக்கப் போகிறார்கள், சாப்பாடு இல்லை' என்று புரிந்துகொள்ளும். எலியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் பக்கத்தில் போகாதீர்கள். வீட்டில் வெள்ளெலி வளர்த்தால் அந்த வாசனையும் சேர்த்துத்தான். இரையை நீளமான இடுக்கியால் மட்டும் கொடுங்கள். கொடுத்தபின் இரண்டு நாள் தூக்க வேண்டாம், கக்கிவிடும்.

கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் திறந்துவிட்டு அதன்கீழ் காட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். இல்லையென்றால் வாயோரத்தில் ஒரு சொட்டு மவுத்வாஷ் போதும்.

குட்டியா, வளர்ந்ததா? – பலர்

முதல் பாம்பு என்றால் குட்டி சரி. இரண்டாவதில் அளவும் குணமும்தான் முக்கியம் என்றால் ஒன்றரை, இரண்டு வயதானது மேல். குட்டிக் கிங்ஸ்நேக் வாலை அதிரவைக்கும், கொத்தும், கையில் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். பெரும்பாலும் வயதோடு போய்விடும், ஆனால் போகும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். காட்டில் பிடித்ததை வாங்க வேண்டாம். கடைசியாக எப்போது, எதைச் சாப்பிட்டது என்ற குறிப்பு விற்பவரிடம் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். பதினைந்து, இருபது வருடம் கூட இருக்கப் போகிற பிராணி இது.

எங்கள் வீடு சுத்த சைவம். மாமியார் ஊரிலிருந்து வருகிறார். எலி இல்லாமல் வேறு ஏதாவது கொடுக்கலாமா? – வாசகி, சிகாகோ

கிங்ஸ்நேக் சைவத்துக்கு மாறாது. உறையவைத்த எலிக்கென்று சின்ன ஃப்ரீசர் ஒன்று வாங்கி கராஜில் வையுங்கள், சமையலறைச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். வளர்ந்ததற்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். இன்னும் வேண்டும் என்பது போலவே பார்க்கும், நம்பாதீர்கள், கொழுத்துவிடும். பாம்பின் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் வயதானவர்களும் தொடாமலிருப்பதே நல்லது. மாமியார் 'ராஜநாகமா' என்று கேட்டால், விஷமில்லாத, நாகத்தோடு நெருங்கிய உறவே இல்லாத பாம்பு என்று சொல்லுங்கள்.

டேங்க் எவ்வளவு பெரிதாக வேண்டும்? புதிதாக வந்ததைத் தனி அறையில் வைக்கணுமா? – வாசகர், டாலஸ்

நான்கடி நீளம், இரண்டடி அகலம். ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 23 போல. தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடாக்கியை மாட்டவே கூடாது. மூடிக்குப் பூட்டு அவசியம். மேலே புத்தகம் அடுக்குவது பூட்டாகாது, மூக்கு நுழையும் இடத்தில் உடம்பும் நுழையும்.

முடிந்தால் தனி அறைதான், மூன்று மாதம். பாம்பின் மேல் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகள் கண்ணுக்குத் தெரியும், மருந்தும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிதான் ஆபத்து. அது தொற்றினால் பாம்பு சாப்பிட்டதைக் கக்கும், நடுவயிறு வீங்கும், நம்பகமான சிகிச்சை கிடையாது. அதனால் தினமும் முதலில் பழைய பாம்பைக் கவனியுங்கள், புதியதைப் பிறகு. கொக்கி, இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனித்தனி.

ஜெர்மனியில் கிங்ஸ்நேக் விற்பவர்களே காணோம். ஏன்? – வாசகர், ஃபிராங்ஃபர்ட்

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டது. விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ புதிதாக வாங்கவோ முடியாது. காரணம் ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவு. வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்குகள், வெள்ளை நிற அல்பினோக்கள் உட்பட, அங்கே பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லியைப் பல இடங்களில் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டன. பாம்புக்குப் பழகாத பல்லி, தப்பிக்கத் தெரியவில்லை.

வேலை மாற்றலில் அட்லாண்டா போகிறேன். பாம்பையும் கொண்டுபோகலாமா? – வாசகர், சியாட்டில்

அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியாவில் அந்த மாநிலத்தின் சொந்த விஷமில்லாப் பாம்புகளை வளர்ப்பது சட்டவிரோதம். கார்ன் ஸ்நேக்கும் கிழக்கு கிங்ஸ்நேக்கும் அதில் அடக்கம், பண்ணையில் பிறந்ததாக இருந்தாலும் அப்படித்தான். வேறு வகை என்றால் மாநில இயற்கை வளத் துறையிடம் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு பெட்டி கட்டுங்கள்.

சென்னையில் ஒருவர் கிங்ஸ்நேக் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? – வாசகர், வேளச்சேரி

எப்படி வந்தது என்று கேளுங்கள். உரிமம் இல்லாமல் உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய முடியாது. 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை தாய்லாந்திலிருந்து வந்த பயணியின் பெட்டிகளில் 15 கிங்ஸ்நேக், 5 பால் பைத்தான் (சிறிய வகை மலைப்பாம்பு), 2 ஆல்டாப்ரா ஆமை, ஒரு குரங்கு ஆகியவற்றைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது. அவர் இறக்குமதி ஆவணத்தைக் காட்டவில்லையென்றால் வாங்காதீர்கள். 'அப்போ நம்ம ஊர் சாரைப்பாம்பு?' என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதையும் வீட்டில் வைத்திருக்க முடியாது.